வயல்களுக்கு நடுவே மனைப்பிரிவு வந்தால் பக்கத்து விவசாயி என்ன செய்ய முடியும்?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: உங்கள் வயலை ஒட்டிய சுமார் 12 ஏக்கர் நஞ்சையை வெளியூர் மனை வணிகர் ஒருவர் வாங்கிச் செம்மண் அடித்து மேடாக்கத் தொடங்கியிருக்கிறார், "டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் விரைவில்" என்று பலகையும் நட்டுவிட்டார், உங்களுக்கும் கீழே உள்ள ஏழெட்டுக் குடும்பங்களுக்கும் தண்ணீர் வருகிற வாய்க்கால் அந்த நிலத்தின் ஊடேதான் ஓடுகிறது, கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் "அது அவர்களுடைய பட்டா நிலம், நான் என்ன செய்ய முடியும்" என்கிறார், இதை நிறுத்த வழி இருக்கிறதா என்பது கேள்வி. எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. வயல்களுக்கு நடுவே வீடுகள் வருவதையே தடுக்க முடியுமா என்பது ஒன்று. வீடுகள் வந்தாலும் என் தண்ணீர், என் வடிகால், என் வண்டிப்பாதை ஆகியவை போகாமல் காத்துக்கொள்ள முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, சில குறிப்பிட்ட சூழல்களைத் தவிர, முடியாது என்பதே நேர்மையான பதில். இரண்டாவதற்கு, காலம் தாழ்த்தாமல் செயல்பட்டால் பெரும்பாலும் முடியும். ஊர்க்கூட்டங்களில் முதல் கேள்விக்காக ஆறு மாதம் சண்டையிட்டு, அதற்குள் இரண்டாவதையும் இழந்துவிட்டவர்களை அதிகம் பார்த்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. நில அளவையில் தொடங்கி, பிறகு மனைப்பிரிவு வரைபடங்களைப் பரிசீலிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே வரைபடம், பதிவேடு, அலுவலக நடைமுறை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் எது நிற்கும் என்று நான் சொல்லும் இடங்களை உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், ஊரில் உலவும் நான்கு நம்பிக்கைகளை ஒதுக்கிவிடலாம். விவசாய நிலத்தை மனையாக்கவே கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட முழுத் தடை தமிழ்நாட்டில் இல்லை. அனுமதி பெற்று மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம். டெல்டாவில் இருப்பவர்கள், எங்கள் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே என்பார்கள். 2020இல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்ற அட்டவணையிட்ட தொழில்களை. வீட்டுமனைப் பிரிவு அந்த அட்டவணையில் இல்லை. மூன்றாவது, கிராம சபையில் தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடும் என்பது. தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பட்டாதாரரின் விண்ணப்பத்தை அதுவே ரத்து செய்துவிடாது. நான்காவது எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது: ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டால் மனைப்பிரிவு சட்டப்படி ஆகிவிடும் என்று மனை வணிகரின் ஆட்கள் சொல்வார்கள். அதுவும் தவறு. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி தரும் அனுமதி செல்லாது.

இந்த நான்காவது நம்பிக்கை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பல ஆண்டுகள், நிலத்தை வாங்கிக் கல் நட்டு, ஒரு தாளில் மனை வரைந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நேராகப் பத்திரம் போட்டுவிட்டார்கள், யாரும் கேட்கவில்லை. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதல் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. தொடர்ந்து, அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது; அதன்படி உரிய அனுமதியின்றி மனையாக மாற்றிய நிலத்தின் விற்பனையைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்க வேண்டும். பழையவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அவற்றுக்கும் 2016 அக்டோபர் 20 என்பதே எல்லை நாள். இன்று கல் நடுகிறவர் அந்த வரன்முறைக்குள் நுழைய முடியாது. ஆகவே உங்கள் பக்கத்து வயலுக்கு முறையான ஒப்புதல் வந்தே ஆக வேண்டும். அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் எதிர்ப்பும் போய்ச் சேர வேண்டும். சில இடங்களில் இதைச் சுற்றிக்கொண்டு போக, "பண்ணை நிலம்" என்ற பெயரில் சென்ட் கணக்கில் துண்டுபோட்டு விற்கிறார்கள். அப்படி நடந்தால், நில அளவையோடும் புகைப்படத்தோடும் சார்பதிவாளருக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் எழுதுங்கள்.

இனி அந்தக் கோப்பின் பயணத்தைச் சொல்கிறேன். உங்கள் ஊர், முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள ஒரு திட்டப்பகுதிக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி மாறும். உள்ளே என்றால், அந்தத் திட்டத்தில் உங்கள் புல எண்கள் விவசாயப் பயன்பாடு என்று குறிக்கப்பட்டிருந்தால், முதலில் நிலப்பயன்பாட்டை மாற்ற வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பது வழக்கம். யாரும் படிக்காத பக்கத்தில் வரும் அந்த அறிவிப்புதான் உங்களுக்குச் சட்டம் தரும் நேரடி வாசல். வெளியே என்றால், நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 47-ஏ பிரிவின்படி, விவசாயம் அல்லாத பயனுக்கு மாற்ற இயக்குநரின் இசைவு தேவை. அதற்கென 2017இல் தனி விதிகளும் வந்தன. நஞ்சையானால் வருவாய்த் துறையின் கருத்தும் வேளாண்மைத் துறையின் கருத்தும் கோப்பில் சேரும். நிலத்தை ஒட்டியோ ஊடேயோ நீர்நிலை, வாய்க்கால் இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். எவ்வளவு உயரத்துக்கு மண் அடிக்கலாம், எங்கே குழாய்ப் பாலம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சான்றில்தான் நிபந்தனையாக வரும். பிறகு தொழில்நுட்ப ஒப்புதல்; அதன்பின் சாலைகளையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்தல்; அதன்பின் உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்பதால், மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதோ முன்பணம் வாங்குவதோ கூடாது. நீங்கள் பார்த்த பலகையில் ரெரா பதிவு எண் இல்லையென்றால், அதைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அது திட்டத்தை நிறுத்தாது. ஆனால் வணிகர் அவசரப்படுகிறார் என்பதற்கு எழுத்துச் சான்று.

இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டியது: தனி மனைப்பிரிவு விண்ணப்பத்துக்குப் பக்கத்து நிலத்தாரை அழைத்துக் கேட்கும் கட்டாய நடைமுறை கிடையாது. நீங்களாகப் போய் எழுதிக் கொடுத்தால்தான் உங்கள் குரல் கோப்பில் இருக்கும். அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதை நான் தினமும் பார்த்தேன். களப்பணிக்குப் போகும்போது வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதமாக இருக்கும். வணிகரின் ஆள் வண்டி கொண்டுவந்து காட்டுவார். வரப்போரம் ஒரு பள்ளம் தெரியும். அது வாய்க்காலா, வெறும் பள்ளமா என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு பக்க மனு கோப்பில் இருந்திருந்தால், அந்தப் பள்ளத்தைப் பற்றி எழுத்தில் பதில் சொல்லாமல் கோப்பை நகர்த்த முடியாது.

ஆகவே மனு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் நான் அதிகம் பேச விரும்பும் இடம். "விவசாயம் அழிகிறது, உணவுப் பாதுகாப்பு கெடுகிறது, எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்" என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுக்கள் வரும். அவற்றில் உள்ளது உண்மைதான். ஆனால் பரிசீலிக்கும் அலுவலரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் முன்னால் இருப்பது ஒரு குறிப்பிட்ட புல எண்ணும் ஒரு குறிப்பிட்ட விதியும்தான். மாறாக, "இந்தப் புல எண்ணில், புலப்படத்தின் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை, இத்தனை மீட்டர் அகலத்தில் வாய்க்கால் ஓடுகிறது; அது கீழுள்ள இந்தப் புல எண்களின் இத்தனை ஹெக்டேருக்குப் பாசனம் தருகிறது; விண்ணப்பதாரர் இந்தத் தேதியில் இந்த இடத்தில் மண் கொட்டி அதை மூடியிருக்கிறார்" என்று மூன்று பேர் கையெழுத்திட்டாலும் போதும். அந்த மனுவைப் படித்துவிட்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. பின்னாளில் கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வது அந்த அலுவலர்தான்.

அப்படி எழுத உங்களுக்குத் தேவையானவை: அந்தப் புல எண்களுக்கும் சுற்றியுள்ளவற்றுக்கும் அ-பதிவேட்டு (ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் பரப்பையும் சொல்லும் கிராமப் பதிவேடு) நகல், புலப்படம் (புல எண்ணின் அளவு வரைபடம்), கிராம வரைபடம், சில ஆண்டுகளின் அடங்கல் (பயிர், பாசனக் கணக்கு), வில்லங்கச் சான்று. பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை இணையத்திலேயே கிடைக்கின்றன. அ-பதிவேட்டில் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால், களம் என்று எந்த வகைப் புறம்போக்காவது அந்த 12 ஏக்கருக்குள்ளோ ஓரத்திலோ தனி எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் பணியின்போது பல இடங்களில் சிறு வாய்க்கால்களும் பாதைகளும் பக்கத்துப் பட்டாவோடு சேர்ந்துவிட்டன என்பதால், இன்றைய பதிவேட்டோடு நிற்காமல், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டில் ஒரு முரண்பாடு கிடைத்தால், அது உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய ஆயுதம். கூடவே, அந்த நிலத்தில் பஞ்சமி நிலமோ (ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசு ஒதுக்கியது), பூமிதான நிலமோ (பூதான இயக்கத்தில் தானமாக வந்தது), கோயில் நிலமோ கலந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் விற்பனையே கேள்விக்குள்ளாகும். எல்லா ஊரிலும் இது இருக்காது, ஆனால் பார்க்காமல் விடக் கூடாது.

வாய்க்கால் புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் உங்கள் நிலை உறுதியானது. அதை மூடவோ, திசை திருப்பவோ, சாலையாக்கவோ பட்டாதாரருக்கு உரிமை இல்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதற்குப் போதும். ஏரிக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஓடைப் புறம்போக்கு தொடர்பான எல். கிருஷ்ணன் வழக்கில் 2005இல் சென்னை உயர் நீதிமன்றமும், ஊர்ப் பொதுநிலங்கள் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றமும் எடுத்த நிலைப்பாடு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இங்கே நான் தயங்காமல் சொல்வேன்: புறம்போக்கு வாய்க்காலை உள்ளடக்கி வரைந்த வரைபடம் ஒப்புதல் பெறக் கூடாது, பெற்றாலும் நிற்காது.

வாய்க்கால் பட்டா நிலத்துக்குள்ளேயே, பதிவேட்டில் தடமில்லாமல் ஓடுகிறது என்றால்தான் சிக்கல். மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் தலைமுறையாக ஒத்துப்போய், வரப்போரம் விட்டுக்கொடுத்த கண்ணி வாய்க்கால்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. அவற்றை இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882, அதாவது நீதிமன்ற வட்டாரத்தில் ஈஸ்மெண்ட் என்று சொல்வது, பாதுகாக்கிறது. 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாகப் பயன்படுத்தியிருந்தால் 15ஆம் பிரிவின்படி அது உங்கள் உரிமையாகிறது. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அந்த 20 ஆண்டுகள் நீங்கள் வழக்குத் தொடரும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். வாய்க்காலை அடைத்தபின் "பேசித் தீர்க்கலாம்" என்று மூன்று வருடம் இழுத்தால் உரிமை கைவிட்டுப் போகலாம். மற்றொன்று, பழைய உரிமையாளரின் தயவில், அவர் அனுமதியோடு தண்ணீர் எடுத்தோம் என்று நீங்களே வாக்குமூலத்தில் சொல்லிவிட்டால் அது உரிமையாகாது. கிராமத்தில் பெரியவர்கள் பணிவாகப் பேசுவதாக நினைத்து, "பாவம், அவர் நல்ல மனுஷன், விட்டுக்கொடுத்தார்" என்று சொல்வார்கள். நீதிமன்றத்தில் அந்த ஒரு வாக்கியம் வழக்கைக் கவிழ்த்துவிடும். இரு நிலங்களும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து பாகம் பிரிந்தவை என்றால் இன்னும் வலுவான வழி இருக்கிறது; பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள், அதில் "நீர்ப்பாய்ச்சல் பாத்தியம், வண்டி தடப் பாத்தியம்" என்ற சொற்கள் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. சாட்சியாக, அடங்கலில் பாசன ஆதாரம் குறிக்கப்பட்டிருக்கும் பக்கங்களையும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் பழைய படங்களையும், நீர் பாய்ச்சியவரின் வாக்குமூலத்தையும் இப்போதே திரட்டுங்கள்.

பாசனத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், வடிகாலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆனால் சேதம் பெரும்பாலும் வடிகாலால்தான் வருகிறது. கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 40,000 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால், 12 ஏக்கரில் விழுவது 48 லட்சம் லிட்டருக்கு மேல். வரப்புக் கட்டிய நெல் வயல் இதில் பெரும்பகுதியைத் தன்னுள் நிறுத்தி மெதுவாக விடும். அதே நிலத்தை இரண்டு மூன்று அடி மேடாக்கி, தார் சாலையும் கூரைகளும் வந்தபின், அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் வெளியே தள்ளப்படும். தள்ளப்படும் இடம் தாழ்ந்த வயல், அதாவது உங்கள் வயல். மேலே இருப்பவர்களுக்கோ நேர்மாறான துன்பம்: அவர்கள் வயலில் விழும் மழை வழக்கமாக வடிந்து போகும் பாதையில் மேடு அணையாக நிற்கும். மேல் நிலத்தில் பெய்த நீர் இயற்கையாகக் கீழ் நிலத்துக்கு வடிந்து போக விடப்பட வேண்டும் என்பது 1882 சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட உரிமை. எனவே மேலே இருப்பவர்களின் வாதம் உறுதியானது. கீழே இருக்கும் உங்களுக்கு அது சற்றுச் சுற்றிவர வேண்டிய வாதம்: இயற்கையாக வரும் நீரை நீங்கள் ஏற்றாக வேண்டும், ஆனால் மண்ணைக் கொட்டி மேடாக்கி, சாக்கடையில் திரட்டி ஓரிடத்தில் கொட்டும் நீர் இயற்கையாக வந்தது ஆகாது. இந்த வாதம் எடுபடும் என்றே நினைக்கிறேன். எந்த அளவுக்கு என்பது, மண் அடிப்பதற்கு முன்பு நிலமட்டம் என்ன இருந்தது என்பதை நீங்கள் நிரூபிக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே முழுவதும் மேடாக்கப்படும் முன், உரிமம் பெற்ற ஒரு நில அளவரை வைத்து உங்கள் வயலிலும் எல்லையோரத்திலும் மட்ட அளவு எடுத்துத் தேதியிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொல்வதில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மண் கொட்டிய பிறகு பழைய மட்டத்தைத் திரும்ப அளக்க முடியாது.

கழிவுநீரும் இதே வகை. 12 ஏக்கரில் சிறு மனைகளாகப் போட்டால் இருநூறுக்கு மேல் வரும். ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் அளவான ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றே வைத்து, வீட்டுக்கு நான்கு பேர் என்றால், 200 வீடுகளிலிருந்து தினம் 40,000 லிட்டருக்கு மேல் பயன்படுத்திய நீர் எங்காவது போக வேண்டும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது கழிவுநீர்த் தொட்டிக்கும், அங்கிருந்து நிலத்தடிக்கும், சில வீடுகளில் நேராக வாய்க்காலுக்கும் போகும். இப்போதே உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்து நைட்ரேட் அளவைக் குறித்து வையுங்கள்; குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். உரம் போட்ட வயலின் கிணற்றிலும் நைட்ரேட் இருக்கும் என்பதால், முன்பு எவ்வளவு இருந்தது என்ற தாள் இல்லாமல் பிறகு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

போக்குவரத்து நெரிசல், இரைச்சல், ஊரின் தன்மை மாறிவிடும் என்ற கவலை ஆகியவற்றை மனுவில் எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைசியில் எழுதுங்கள். அவற்றுக்கு விதியில் பிடிமானம் குறைவு.

சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவில்லை என்று பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, நகரியத் திட்டமானால் 50 ஹெக்டேர் பரப்பு, கட்டுமானமானால் 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு என்பவைதான் தொடக்க எல்லைகள். உங்கள் 12 ஏக்கர் ஐந்து ஹெக்டேரைக்கூடத் தொடவில்லை. வெறும் மனையாகப் பிரித்து விற்பதால் கட்டடப் பரப்புக் கணக்கும் வராது. ஆகவே அந்த வாதம் வீண். நீர்நிலை பாழாகிறது என்ற அடிப்படையில் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குப் போக முடியும். ஆனால் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

மனுவை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், ஆட்சியர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சி ஆகிய ஆறு இடங்களுக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரையிட்ட நகலோ அஞ்சல் ஒப்புகையோ பெற்றுக்கொள்ளுங்கள். ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதையே பேசுங்கள். அங்கே சம்பந்தப்பட்ட துறை அலுவலர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பது பெரிய வசதி. அடுத்த கிராம சபையில், வாய்க்காலின் புல எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த வாய்க்காலும் இந்தப் பாதையும் ஊரின் பொதுப் பயன்பாட்டில் உள்ளவை" என்று தீர்மானம் போடுங்கள். மனைப்பிரிவு வேண்டாம் என்ற தீர்மானத்தைவிட இது வலுவானது. மனைப்பிரிவு வேண்டாம் என்பது ஊரின் விருப்பம், வாய்க்கால் பொதுப் பயன்பாட்டில் உள்ளது என்பது ஊரே தரும் சாட்சியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, விண்ணப்பம், வரைபடம், தடையின்மைச் சான்றுகள், களஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பதில் வரவில்லை, வேலையும் நிற்கவில்லை என்றால், அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே பெரும்பாலும் நடப்பது, திட்டத்தை ரத்து செய்வது அல்ல. உங்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து, இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அலுவலருக்கு உத்தரவிடுவது. அதைச் சிலர் தோல்வி என்று நினைக்கிறார்கள். பக்கத்து நிலத்தாரைக் கேட்கும் கட்டாயம் இல்லாத நடைமுறையில், உங்களைக் கேட்டே தீர வேண்டும் என்று வாங்குவது சிறிய விஷயம் அல்ல. ஆனால் கொடுத்த மனு இருந்தால்தான் அதைப் பரிசீலிக்கச் சொல்ல முடியும். பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்காலுக்கு உரிய இடம் உரிமையியல் நீதிமன்றம். மனைகள் விற்கத் தொடங்கும் முன் தடையுத்தரவு கேட்க வேண்டும். இருபது பேர் வாங்கி, பத்துப் பேர் அடித்தளம் போட்டபின் போனால், எந்த நீதிபதியும் அந்த வீட்டுக்காரர்களையும் பார்க்கத்தான் செய்வார்.

கல்லைப் பிடுங்குவதும் லாரியை மறிப்பதும் வேண்டாம். கோபம் புரிகிறது, ஆனால் மறுநாளே உங்கள் பெயரில் ஒரு குற்ற வழக்கும், "எங்கள் நில அனுபவத்தில் இடையூறு செய்கிறார்கள்" என்று ஒரு உரிமையியல் வழக்கும் வரும். நான் பார்த்த ஓர் ஊரில், விவசாயிகளுக்குத் தெரியாமலே ஒருதரப்பு இடைக்காலத் தடை வாங்கப்பட்டு, தங்கள் வாய்க்காலைத் தூர்வாரப் போனவர்களே நீதிமன்ற உத்தரவை மீறியவர்கள் ஆனார்கள். அப்படி நடக்கும் என்ற சந்தேகம் இருந்தால் எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனைப்பிரிவு வரக்கூடும். அதனால் மனுவின் கடைசிப் பத்தியில், ஒப்புதல் தருவதாயின் என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்று எழுதுங்கள். கொள்கைக்காரர்கள் இதைப் பின்வாங்கல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாய்க்காலை அதே அகலத்தில், அதே அடிமட்டத்தில், திறந்த நிலையில் விட வேண்டும். இருபுறமும் தூர்வார நடைபாதை வேண்டும். சாலை கடக்கும் இடத்தில் குழாய் அல்ல, பெட்டிப் பாலம் வேண்டும். நான்கடி வாய்க்காலை ஓரடிக் குழாய்க்குள் திணித்து "வழி விட்டுவிட்டோம்" என்று வரைபடத்தில் காட்டுவது மிகப் பழைய தந்திரம். சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொது ஒதுக்கீடாக விட்டாக வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்பதால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. அந்த ஒதுக்கீட்டை உங்கள் எல்லையோரம், தாழ்ந்த பக்கத்தில், மழைநீர் தேங்கி இறங்கும் குளமாக வைக்கும்படி கேளுங்கள். வணிகருக்கும் அந்தத் தாழ்ந்த மூலை விற்காத மூலைதான் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். எல்லையில் அவர் செலவில் வடிகால் கேளுங்கள். ஊராட்சி செலவில் அல்ல.

உங்கள் விஷயத்தில் எது பொருந்தும் என்பதை, அந்த வாய்க்கால் புலப்படத்தில் இரட்டைக் கோடாக வரையப்பட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது. அந்த ஒரு தாளையும் அ-பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு இங்கேயே பதிவிடுங்கள். எந்தப் பிரிவில் முதல் மனுவைத் தொடங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். மட்ட அளவை மட்டும் அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.